பிஸ்டலுக்குப் போட்டது எண்ணெய், பிடித்தது கறள்

போன மார்கழியில், நகைக்கடைக் காவலுக்கு நிற்கும் தம்பி ஒருவன் தன் பிஸ்டலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "அண்ணன், ஒவ்வொரு நாளும் எண்ணெய் போடுறன். பிறகும் கறள் பிடிக்குது" என்றான். ஸ்லைடின், அதாவது பின்னுக்கு இழுபடும் மேல்பகுதியின், இடப்பக்கத்தில், பெருவிரல் படும் இடத்தில், செம்மண் நிறத்தில் ஓர் அடையாளம். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் ரேகைகூடத் தெரிந்தது. காணி உறுதியில் பெருவிரல் வைத்ததுபோல அவ்வளவு சுத்தமாகப் பதிந்திருந்தது.

திருகோணமலையில் தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இங்கே அதிகம் இல்லை. இருக்கிற சிலரும், எங்கள் காவலர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த எண்ணெய் நல்லது? கேள்வியே கொஞ்சம் பிந்திய கேள்வி. எண்ணெய்க்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, எண்ணெய் போட்டுத்தான் இருந்தான். ஆனால் வியர்வையின் உப்புக்கு மேலே போட்டான். எண்ணெய் உப்பைக் கரைக்காது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உப்பு அப்படியே இருந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். துப்பாக்கியைத் தண்ணீரால் துடைக்கச் சொன்னால் முதலில் எல்லோரும் என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் பழைய ராணுவ ரவைகளைப் பாவித்த காலத்தில் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவுவது சாதாரண பழக்கம். அந்த ரவைகளின் பிரைமரில், அதாவது ஊசி அடித்ததும் பொறி எழுப்பும் அடிப்பகுதியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைட்டாக, அதாவது உப்பாக, குழலில் தங்கும். இன்றைய ரவைகளில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. பதிலுக்கு எங்களுக்குக் கடற்காற்று இருக்கிறது. எங்கள் ஊரில் ஓர் இடத்துக்கு ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில், தமிழில் உவர்மலை. உவர் என்றால் உப்பு. என் தொழிலுக்குத் தமிழ்ப் பெயர்தான் பொருத்தம்.

ஆகவே வாங்க வேண்டிய முதல் சாமான் துணி. பழைய பருத்திப் பெனியன் போதும், காசு செலவில்லை. ஒரு துண்டை நல்ல தண்ணீரில் நனைத்து, இறுகப் பிழிந்து, வெளிப்புறத்தை ஒருமுறை துடையுங்கள். கடற்கரைப் பக்கக் கிணற்று நீர் வேண்டாம், அதிலேயே உவர் இருக்கும். குடிக்கிற தண்ணீரை எடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்து, ஈரம் முழுதாகப் போன பிறகு எண்ணெய்த் துணி. அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. வாடைக் காலத்தில், ஒக்டோபர் தொடங்கித் தை வரைக்கும், சுட்டாலும் சுடாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும். வெடிமருந்துப் புகையைவிட எங்கள் ஊர்ப் பிஸ்டல்களைத் தின்பது வியர்வையும் கடற்காற்றும்தான்.

இதெல்லாம் வெறுமையான துப்பாக்கிக்கு. முதலில் மகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுங்கள். வரிசை மாறினால், ஸ்லைடு திரும்பிப் போகும்போது மகசினில் இருந்து இன்னொரு ரவையை உள்ளே தள்ளிவிடும். அப்புறம் ரவை அறையைக் கண்ணால் பார்த்து, சின்னிவிரலாலும் தொட்டுப் பாருங்கள். ரவைகளை வேறு அறையில் வையுங்கள். கிளொக் போன்ற சில பிஸ்டல்களைக் கழற்றுவதற்கே விசையை அழுத்த வேண்டும். உள்ளே ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ரிவோல்வர் என்றால் உருளையைத் திறந்து ஒவ்வொரு துளையாக எண்ணிப் பாருங்கள்.

சரி, சாமானுக்கு வருவோம். பெரிய பெட்டியில் நாற்பது ஐம்பது உருப்படி அடுக்கி விற்கிற செட்டுகளை இணையத்தில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். ஒரு கைத்துப்பாக்கிக்கு அதில் முக்கால்வாசி தேவையில்லை. குழலின் அளவுக்கு ஒரு வெண்கல பிரஸ் (தூரிகை), அதைப் பூட்ட ஒரு கம்பி, துணித் துண்டுகள், நைலோன் பிரஸ் ஒன்று, கரைப்பான் ஒரு சிறு போத்தல், எண்ணெய் ஒரு சிறு போத்தல். 9 மில்லிமீற்றர் பிஸ்டலுக்கும் .38 ரிவோல்வருக்கும் குழல் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே ஒரே பிரஸ் இரண்டுக்கும் போகும். .32க்கு வேறு வாங்க வேண்டும். இரும்புக் கம்பி பிரஸ் பக்கமே போகாதீர்கள், குழலின் உட்புறத்தைக் கீறிவிடும். நைலோன் பிரஸுக்குப் பழைய பல் பிரஸ் போதும். பற்பசை போக நன்றாகக் கழுவிய பிறகு. பற்பசையில் தேய்க்கிற தூள் இருக்கிறது.

கம்பி விஷயத்தில் ரிவோல்வர்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிஸ்டலின் குழலைக் கழற்றிப் பின்பக்கமாக பிரஸை விடலாம். ரிவோல்வரில் அது முடியாது, வாய்ப்பக்கமாகத்தான் விட வேண்டும். அப்போது கம்பி குழல் வாயின் விளிம்பில் உரசி உரசி அதைத் தேய்த்துவிட்டால் குறி தவறத் தொடங்கும். விரலால் கம்பியை நடுவில் பிடித்து, உரசாமல் விடுங்கள்.

துணித் துண்டைப் பற்றியும் ஒன்று. பழைய பொலிஸ்காரர்கள் 'போர் பை டூ' என்பார்கள். நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் வெட்டிய பிளானல் துணி, .303 ரைபிள் குழலுக்குள் கயிற்றில் கட்டி இழுப்பது. அதே அளவை மடித்துப் பிஸ்டல் குழலுக்குள் அடைத்து, கம்பியோடு சிக்கிப்போய், சுத்தியலும் கையுமாக வந்தவர் ஒருவர் உண்டு. ஒன்றரை அங்குலச் சதுரம் போதும். போக மறுத்தால் துணியைச் சிறிதாக்குங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

கரைப்பான் என்பது கரி, ஈயம், செம்பு இவற்றை இளக்குகிற திரவம். ஹொப்பிஸ் நம்பர் 9 என்பது 1903 முதல் இருக்கிற பழைய சரக்கு, கிடைத்தால் நல்லது. அமோனியா கூடுதலாக உள்ள செம்புக் கரைப்பான்களை நிக்கல் பூசிய ரிவோல்வரில் ஊறவிடக்கூடாது, பூச்சு உரியும். ஒன்றும் கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெய் கரியை எடுக்கும். ஆனால் அது இருக்கிற எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். அன்றே துடைத்து எண்ணெய் போடாமல் விட்டால் மறுநாள் செம்படலம். பிரேக் கிளீனர் வேண்டாம், சிலவகை பிளாஸ்டிக்கும் மரப்பிடியின் பூச்சும் அதற்குத் தாங்காது.

இனி எண்ணெய்ச் சண்டை. டபிள்யூடி-40 ஐ ஆட்டோவில் இருந்து துப்பாக்கி வரை எல்லாவற்றுக்கும் அடிக்கிறார்கள். 1953ல் அது உருவானதே ஈரத்தை வெளியே தள்ளுவதற்குத்தான், பெயரிலும் அதுதான் இருக்கிறது. மழையில் நனைந்து வந்த துப்பாக்கிக்கு அடித்துத் துடைக்கலாம், தப்பில்லை. ஆனால் அதையே மசகாக நம்பி மாதக்கணக்கில் விட்டால், ஆவியானது போக மிச்சம் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நாள்பட்டால் சிக்கு வாடை அடித்து, விரலில் ஒட்டும். எங்கள் பாட்டிமாரின் தையல் மெசின் எண்ணெய் அதைவிடப் பல மடங்கு மேல்: மெல்லிய கனிம எண்ணெய், இறுகாது, எந்தக் கடையிலும் கிடைக்கும். கறளைத் தடுக்கும் சக்தி அதற்குக் குறைவு, ஆகவே அடிக்கடி போட வேண்டும். சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் இருப்பதால் "எஞ்சின் ஒயில் போடலாமா சேர்?" என்றும் கேட்பார்கள். புதிய எண்ணெய் என்றால் துப்பாக்கி ஓடும். எஞ்சினில் இருந்து வடித்த கறுப்பு எண்ணெயைத் தொடவே வேண்டாம். வசதி இருந்தால் துப்பாக்கிக்கென்றே செய்த, கறள் தடுப்பான் கலந்த எண்ணெய் ஒரு சிறு போத்தல் வாங்குங்கள். ஒரு பிஸ்டலுக்கு அது வருடக்கணக்கில் வரும்.

வருடக்கணக்கில் வரவில்லை என்றால் நீங்கள் கூடுதலாகப் போடுகிறீர்கள். எங்கே உரசுகிறது என்பதைப் பிஸ்டலே காட்டித் தரும்: பூச்சுத் தேய்ந்து மினுங்குகிற இடங்கள். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில், குழலின் வெளிப்புறத்தில், ஊசிமுனையால் ஒவ்வொரு சொட்டு. பிரைமரை அடிக்கிற ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் வேண்டாம், மகசினுக்குள் வேண்டாம், ரவையில் அறவே வேண்டாம். ஒருமுறை பயிற்சிக் களத்தில் காவலர் ஒருவர் விசையை அழுத்த 'டிக்' என்று மட்டும் கேட்டது. குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் முப்பது வினாடி நிற்கச் சொன்னேன். சில வேளை பிந்தி வெடிக்கும். வெடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் மகசின் முழுக்க எண்ணெய் வழிந்து, ரவைகள் கருவாட்டுப் பொரியல் மாதிரி மினுங்கின. பிரைமருக்குள் எண்ணெய் கசிந்திருக்கிறது. ஒரு தேவையான நேரத்தில் அந்த 'டிக்' கேட்டிருந்தால் என்று அவர் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. கச்சான் காற்றுக் காலத்தில் இன்னொரு சங்கடம்: வழிகிற எண்ணெயில் புழுதி ஒட்டிப் பசையாகும்.

தோலுறையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைப்பதை நிறுத்துங்கள். தோல் ஈரத்தையும், பதனிட்ட உப்பையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். உறையைத் தனியே தொங்கவிட்டு, துப்பாக்கியை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துப் பூட்டுங்கள். அந்தப் பொட்டலம் என்றென்றைக்கும் வேலை செய்யாது. நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்துவது என்று தெரியும்.

தம்பியின் பிஸ்டலுக்கு எண்ணெயும் மிக மெல்லிய இரும்புப் பஞ்சும் கொண்டு அரை மணி நேரம் மெதுவாகத் தேய்த்தேன். கறள் போனது, கீழே சிறு சிறு குழிகள் நின்றுவிட்டன. அவை இனிப் போகா. அவன் அதைப் பார்த்துக்கொண்டே மேசையில் இருந்த பணிஸை எடுக்கக் கை நீட்டினான், கையில் தட்டினேன். துடைத்த துணியில் ஈயம் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய்க்குப் போகக்கூடாது. என் மேசை ஒரு காலத்தில் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தது. அதை வெளியே தூக்கிப் போட்டது என் மனைவி.