தாங்கித் தாங்கி நடப்பது தானாகச் சரியாகாது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிசியோ நிலையம் ஒரு பழைய கடைவீட்டின் முதல் மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. முட்டி ஆபரேஷன் செய்தவர்களை இத்தனை படி ஏறி வரச் சொல்கிறீர்களே என்று கேட்காத ஆளே இல்லை. நியாயமான கேள்விதான், கீழ்த்தளத்து வாடகையைக் கேட்டால் நீங்களும் மாடியில்தான் கடை போடுவீர்கள். ஆனால் அந்தப் படிகளால் எனக்கு ஒரு வசதி உண்டு. ஆள் கதவைத் திறப்பதற்கு முன்பே கால் எப்படி இருக்கிறது என்பது காதில் விழுந்துவிடும்.

போன வருடம் வந்த ஒரு தம்பியின் காலடி 'தட்... டக், தட்... டக்' என்று கேட்டது. வயது 24. செந்தூலில் இரவு புட்சால் ஆடும்போது, யாரும் இடிக்காமலே, ஒற்றைக் காலை ஊன்றிச் சட்டென்று திரும்பியதில் முட்டிக்குள் 'டொக்' என்று சத்தம் கேட்டு விழுந்தவர். முட்டிக்குள் எலும்புகளைக் கட்டிவைக்கும் ஏசிஎல் என்ற நார் அறுந்து, மாற்று நார் பொருத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. "அக்கா, ரெண்டாவது வாரமே குச்சியைத் தூக்கிப் போட்டுட்டேன், இப்ப பாசார் மாலம் வரைக்கும் நடந்துட்டு வர்றேன்" என்றார் பெருமையாக. நடந்து காட்டச் சொன்னேன். முட்டி மடங்கிய வாக்கிலேயே இருந்தது, குதிகால் ஒழுங்காகத் தரையில் படவில்லை, ஆபரேஷன் செய்த காலில் நின்றும் நிற்காமலும் மற்றக் காலுக்குத் தாவிக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்றேன். இல்லையாம். வலி இல்லை, ஆனாலும் நொண்டுகிறார், நொண்டுவது அவருக்கே தெரியவில்லை.

நடக்க நடக்க நடை தானாகச் சரியாகிவிடும் என்று நம்மவர்கள் பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. ஒரு நாளைக்கு 5,000 அடி நடந்தால் அந்தக் காலுக்கு 2,500 முறை தப்பான பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள், மூளையும் அதை நன்றாகவே கற்றுக்கொள்கிறது.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். நம் ஊரில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம், அதனால் வரும் குழப்பம் சொல்லி மாளாது. முட்டிக்குள் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது மெனிஸ்கஸ். எலும்பை எலும்போடு கட்டிவைப்பது லிகமென்ட். ஏசிஎல் இரண்டாவது வகை, ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளம்தான், தொடை எலும்பிலிருந்து கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்துக்குக் குறுக்காக ஓடுகிறது. கீழ்க்கால் எலும்பு முன்னே வழுக்கிப் போகாமலும், திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது அதன் வேலை. அது முழுதாக அறுந்தால் சர்ஜன் பெரும்பாலும் தைப்பதில்லை, உங்கள் பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ வேறு இடத்திலிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு அந்த இடத்தில் பொருத்துகிறார். மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் கணக்கே வேறு. எடை ஊன்றுவதற்கும் மடக்குவதற்கும் பல வாரம் தடை இருக்கும், அதில் சர்ஜன் சொன்னதுதான் சட்டம். உங்களுக்கு என்னென்ன செய்தார்கள் என்று டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வாருங்கள், "ஜவ்வு ஆபரேஷன்" என்று மட்டும் சொன்னால் எனக்குக் கை ஓடாது.

இப்போது நடை. சாதாரணமாக நடக்கும்போது ஒவ்வொரு கால் சுற்றிலும் சுமார் 60 சதவீத நேரம் கால் தரையில், மீதி காற்றில். குதிகால் தரையைத் தொடும் நொடியில் முட்டி ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். உடம்பின் எடை அதன்மேல் இறங்கும்போது 15, 20 டிகிரி மெல்ல மடங்கி, மறுபடி நிமிரும். மோட்டார் சைக்கிளின் அப்சார்பர் செய்கிற வேலை. அந்த மடக்கத்துக்கு பிரேக் போடுவது முன்தொடைத் தசை. அப்புறம் கால் முன்னே வீசும்போது 60 டிகிரி வரை மடங்குகிறது. ஏசிஎல் ஆபரேஷன் ஆனவரின் நடையில் அந்த முதல் மடக்கமே காணாமல் போய்விடுகிறது. முன்தொடையில் நம்பிக்கை இல்லாததால் முன்னும் பின்னும் உள்ள தசைகளை ஒன்றாக இறுக்கி, முட்டியை ஒரு கட்டை போலப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். 'தட்' என்று கேட்கிறதே, அது அதிர்ச்சியை வாங்காத முட்டியின் சத்தம்.

முன்தொடைக்கு ஏன் அந்தக் கதி? சும்மா படுத்திருந்ததால் இளைத்தது என்பது பாதிக் காரணம்தான். முட்டிக்குள் நீர் கோத்தால், அங்கிருந்து போகும் சைகையைக் கேட்டு முதுகுத்தண்டு அந்தத் தசைக்கான ஆணையையே குறைத்துவிடுகிறது. அடிபடாத ஆரோக்கியமான முட்டியில்கூட 20, 30 மில்லி லிட்டர் திரவம் ஏறினால் முன்தொடையின் உள்பக்கத் தசை சோர்ந்துபோகும். அதனால்தான் வீக்கம் இருக்கும்போது "இன்னும் நூறு தடவை செய்" என்று நான் சொல்வதில்லை. முதலில் வீக்கத்தை இறக்க வேண்டும், காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது, ஐஸ், நடையைக் குறைப்பது. மாலையில் முட்டி பொங்கியிருந்தால் அன்றைக்கு நீங்கள் அளவுக்கு மீறி நடந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், முட்டி பொய் சொல்லாது.

அந்தத் தம்பியின் கதையில் இன்னொரு குற்றவாளி தலையணை. அவருடைய அம்மா பாவம், பிள்ளைக்கு வலிக்கிறதே என்று முட்டிக்குக் கீழே இரண்டு தலையணையை வைத்து, ஐந்து வாரமும் அப்படியே தூங்க வைத்திருக்கிறார். முட்டி லேசாக மடங்கியிருப்பதுதான் அதற்குச் சுகம், உள்ளே இடம் அதிகம், வலி குறைவு. ஆனால் அந்தச் சுகத்திலேயே விட்டால் நிமிராத முட்டியாகிவிடும், உள்ளே வடுத் திசு திரண்டு நிமிர்வதை அடைத்துக்கொண்டால் சிலருக்கு மறுபடி ஆபரேஷன் டேபிள்தான். தலையணை வைத்தே ஆக வேண்டும் என்றால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கட்டும், பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் முட்டி முழுதாக நிமிர வேண்டும் என்பதுதான் முதல் இலக்கு, மடக்குவது அதற்குப் பிறகு. எல்லோரும் மடக்குவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், எத்தனை டிகிரி வந்தது, சம்மணம் போட முடியுமா, குந்தி உட்கார முடியுமா என்று. நிமிராத முட்டியோடு நேராக நடக்க முடியாது என்பதை யாரும் யோசிப்பதில்லை. இரண்டு கால்களும் முட்டிக்குக் கீழே கட்டிலுக்கு வெளியே நீட்டியிருக்கும்படி குப்புறப் படுத்து, குதிகால்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி பாக்கி. தம்பிக்கு எட்டு சென்டிமீட்டர் இருந்தது.

அவரிடம் திரும்பவும் குச்சியைக் கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது. குச்சியை எப்போது விடலாம் என்பதற்குத் தேதி கிடையாது, நொண்டாமல் நடக்க முடிந்தால் விடலாம், முடியாவிட்டால் விடக்கூடாது. ஒற்றைக் குச்சிக்கு மாறும்போது அதை நல்ல கால் பக்கத்தில் பிடிக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் ஆபரேஷன் செய்த பக்கத்தில் பிடித்துக்கொண்டு அதன்மேல் சாய்கிறார்கள், அது நொண்டலை வளர்க்கிற வழி. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். நம் கடை வரிசைகளின் முன்னால் ஓடும் நடைபாதை, காக்கி லீமா இருக்கிறதே, ஒரு கடை வாசல் அரையடி உயரம், அடுத்தது வழுக்குகிற டைல்ஸ், நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள், ஓரத்தில் திறந்த சாக்கடை. முதல் ஆறு வாரம் மழை நாளில் அங்கே நடைப்பயிற்சி வேண்டாம், ஏதாவது ஷாப்பிங் மாலுக்குப் போய் சமதளத்தில் நடங்கள், ஏசியும் இலவசம்.

நடையைத் திருத்த நான் பெரிதாக எதையும் வாங்கவில்லை. கைப்பேசியை இடுப்பு உயரத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு வீடியோ, அதை மெதுவாக ஓட்டிக் காட்டினால் போதும். "ஐயோ, இது நானா?" என்று கேட்காதவர் இல்லை. அடுத்தது தாளம். ஆபரேஷன் காலில் நிற்கிற நேரம் குறைவாக இருப்பதால் சீரான தாளத்துக்கு அடி வைக்கச் சொல்வேன், கைப்பேசியிலேயே அதற்குச் செயலி உண்டு. தம்பிக்கு அந்த 'டிக் டிக்' பிடிக்கவில்லை, உறுமி மேளம் போட்டுக்கொள்ளட்டுமா என்றார். வேகம் சரியாக இருந்தால் எனக்கு என்ன, போட்டுக்கொள் என்றேன். பக்கத்து அறையில் தோள்பட்டைக்காக வந்திருந்த ஒரு பாட்டி எழுந்து ஆடாத குறைதான். கண்ணாடி முன்னால் குதிகால் முதலில், முட்டி மெல்ல மடங்கட்டும், பின்னால் நடப்பது, சிறு படியிலிருந்து மெதுவாக இறங்குவது என்று ஆறு வாரத்தில் அந்தத் 'தட்' சத்தம் மங்கியது. முன்தொடைப் பயிற்சி கூடவே ஓட வேண்டும், அது இல்லாமல் நடையை மட்டும் திருத்துவது நடிப்பு.

நொண்டினால்தான் என்ன, காலுக்குப் பாரம் குறைகிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். முட்டியின் குருத்தெலும்புக்குப் பாரம் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். ஆபரேஷன் ஆகி ஆறு மாதத்தில் அந்தக் காலுக்குக் குறைவாகப் பாரம் கொடுத்து நடந்தவர்களுக்கு ஐந்து வருடத்தில் மூட்டுத் தேய்மானம் தெரிந்ததாக ஆய்வு உண்டு. முப்பது வயதில் தேய்ந்த முட்டி, நினைத்துப் பாருங்கள்.

உருட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். எண்ணெய் தேய்த்து நீவுவதில் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் புது ஆபரேஷன் முட்டியை யாரோ ஒரு மாமா பிடித்து 'கட்டக்' என்று மடக்கிவிடுவது வேண்டவே வேண்டாம். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்து, தொட்டால் சூடாக இருந்தால் அங்கே நீவக் கூடாது, இரத்தக் கட்டியாக இருக்கலாம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸ், 999. காய்ச்சலோடு முட்டி சிவந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

தைப்பூசம் நெருங்கினால் ஒரே கேள்விதான்: பத்துமலை ஏறலாமா? 272 படி. ஏறுவது பெரிய சங்கதி இல்லை, இறங்குவதுதான் முன்தொடையைப் பிழிந்து எடுக்கும், கூட்டத்தில் பின்னால் இருப்பவர் நெருக்குவார், நின்று மூச்சு வாங்கக்கூட இடம் இருக்காது. ஆபரேஷன் ஆகி நாலைந்து மாதம் ஆகி, ஒற்றைக் காலால் படி இறங்க முட்டி நடுங்காவிட்டால், கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில் போய் வாருங்கள். காவடி எடுத்து வெறுங்காலில் சுழன்று ஆடுவதற்கு அந்த வருடம் முருகனிடம் தவணை கேட்டுக்கொள்ளுங்கள், கொடுப்பார்.

தவணை எதற்கு என்றால், உள்ளே பொருத்திய நார் முதலில் பலவீனமாகி அப்புறம்தான் பலப்படுகிறது. இரத்த ஓட்டம் இல்லாமல் அதன் செல்கள் செத்து, புது இரத்தக் குழாய்கள் வளர்ந்து, மெல்ல லிகமென்ட் குணம் அதற்கு வருகிறது. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் நோஞ்சான். விசித்திரம் என்னவென்றால் அதே நேரத்தில்தான் வலி போய், வீக்கம் வற்றி, நடை வந்து, "நான் நல்லா இருக்கேன்" என்ற எண்ணம் வருகிறது.

ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மரினை நம் பேட்மிண்டன் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019 ஜனவரியில் ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் வலது முட்டியில் ஏசிஎல் அறுந்தது, அதே வருடம் செப்டம்பரில் திரும்பிவந்து சீன ஓபனை வென்றார். 2021இல் இடது முட்டி போய் டோக்கியோ ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். 2024 பாரிஸ் அரையிறுதியில் மறுபடி வலது. அவ்வளவு மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சுற்றி இருந்தவருக்கே அது. விளையாட்டுக்குத் திரும்புகிற 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்கு இந்தக் காலிலோ அந்தக் காலிலோ மறுபடி ஏசிஎல் அறுகிறது. ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2016இல் வெளிவந்த ஒரு நோர்வே ஆய்வு சொன்னது. ஒன்பது மாதம் ஆனால் மட்டும் போதாது, முன்தொடை பலம் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரத்தை மட்டும் நான் நம்புவதில்லை, முட்டி சோம்பேறியாக இருந்தாலும் இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து தூரத்தைக் கொடுத்துவிடும்.

தம்பி எட்டாவது மாதம் வந்து நின்றார். படியில் காலடி சமமாகத்தான் கேட்டது, சந்தோஷம். பரிசோதித்தேன், தாவலில் 95, முன்தொடை பலம் 81. இன்னும் ஆகவில்லை என்றேன். வாசல் வரை போனவர் திரும்பிவந்து, "அக்கா, ஓட மாட்டேன், கோல்கீப்பரா சும்மா நிக்கட்டுமா?" என்றார். கோல்கீப்பர் எப்போது சும்மா நின்றார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த மாதத்துக்கு அப்பாயின்ட்மென்ட் எழுதிக்கொண்டு இறங்கினார், படியில் வேண்டுமென்றே 'தட் டக்' என்று ஒலி எழுப்பிக்கொண்டு.