சாமி சோறும் கட்டுக்கம்பியும்: மாட்டின் வயிற்றுக்குள் நடப்பது

காணும் பொங்கலன்று எனக்கு விடுமுறை கிடையாது. விடிவதற்குள் போன் வந்துவிடும். "மாடு தீனி எடுக்கல டாக்டர், வயிறு ஊதிக்கிட்டு நிக்குது." நேற்று என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் ஒவ்வொன்றாக வரும்: பொங்கல், வாழைப்பழம், மிஞ்சின சோறு.

பொங்கல்தான் என்றில்லை. ஒருமுறை கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை இரண்டு அன்னக்கூடை அப்படியே ஒரு பசுவுக்குக் கொட்டியிருந்தார்கள். நான் போனபோது எழ முடியாமல் படுத்திருந்தது. கண் குழி விழுந்து, மூக்கு காய்ந்து, சாணம் தண்ணீராகப் புளித்த வாடையோடு போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி கேட்டார்: "நாம தின்னுற சோறுதானே தம்பி, அதுவும் சாமி சோறு. அது எப்படி வெஷமாவும்?"

நியாயமான கேள்வி. பதில் மாட்டின் வாயிலிருந்து தொடங்குகிறது.

மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல்லே கிடையாது, தடித்த ஈறுதான். கீழே எட்டு வெட்டுப்பற்கள். சொரசொரப்பான நாக்கை நீட்டி, புல்லை ஒரு பிடியாக வளைத்து, ஈறோடு அழுத்தி அறுத்து விழுங்கிவிடும். மெல்லுவதெல்லாம் அப்புறம். வெட்டவெளியில் தலை குனிந்து மேயும் நேரம்தான் புலிக்குத் தோதான நேரம். கிடைத்ததை வாரிப் போட்டுக்கொண்டு, பயமில்லாத இடத்தில் படுத்து நிதானமாக அசைபோடுவதற்கென்று அமைந்த உடல் அது.

அப்படி வாரிப் போட்டது போய்ச் சேரும் இடம் இடப்பக்கம் இருக்கும் பெரிய வயிறு. வளர்ந்த பசுவுக்கு அது 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். வயிறு என்பதைவிட ஊறல் தொட்டி என்பது பொருத்தம். புல்லின் நாரை உடைக்கும் சக்தி மாட்டின் உடம்புக்கே கிடையாது. தொட்டிக்குள் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் நாரை நொதிக்க வைக்கின்றன. அதில் கிடைக்கும் அமிலங்களை உறிஞ்சித்தான் மாடு பிழைக்கிறது, பால் கறக்கிறது. நாம் மாட்டுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் அந்த நுண்ணுயிர்களுக்குத்தான் போடுகிறோம்.

அமிலம் ஊறிக்கொண்டே இருந்தால் தொட்டி புளித்துப்போகாதா? அதற்குத்தான் அசைபோடுவது. வைக்கோலும் புல்லும் தின்னும் மாடு ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் அசைபோடும். அப்போது உமிழ்நீர் நிறையச் சுரக்கும். பெரிய கறவை மாட்டில் அது மொத்தமாக நாளுக்கு 100 லிட்டரையும் தாண்டும். அந்த உமிழ்நீரில் இருப்பது நம் ஆப்ப சோடாவில் இருக்கும் அதே சரக்கு. அமிலத்தை அது முறித்துக்கொண்டே இருக்கும்.

சோறு உள்ளே போனால் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தப்புகிறது. சோற்றில் மெல்ல என்ன இருக்கிறது? அசை இல்லை, உமிழ்நீர் குறைவு, சோடா குறைவு. அதே நேரம் மாவுச்சத்தைத் தின்னும் வேறு வகை பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகி, தயிரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. நார் உடைக்கும் கூட்டம் செத்து மடிகிறது. இரத்தத்தில் இருக்கும் தண்ணீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. கண் குழி விழுவது அதனால்தான். பாட்டியின் பசு மறுநாள் மதியம் செத்தது. முதல் நாள் ராத்திரியே கூப்பிட்டிருந்தால் வயிற்றைத் திறந்து சோற்றை வெளியே வாரியிருக்கலாம்.

சோறே ஆகாது, தானியமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கலப்புத்தீவனம் தின்றுதானே கறவை மாடு பால் தருகிறது. வைக்கோலோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வாரத்தில் கூட்டினால் உள்ளே இருக்கும் கூட்டம் பழகிக்கொள்ளும். ஒரே நாளில் அன்னக்கூடையோடு கவிழ்ப்பதுதான் வினை. களத்தில் காயும் நெல்லில் வாய் வைத்த ஆட்டுக்கும் இதே கதிதான்.

சந்தேகம் வந்தால் மாட்டின் இடப்பக்க இடுப்புக்குழியில் மடக்கிய கைமுட்டியை வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல மாட்டில் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு முட்டியைத் தள்ளும். தள்ளவில்லை, அசையும் போடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பக்கத்து மருத்துவரையோ 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணையோ கூப்பிடுங்கள். ஆப்ப சோடா எவ்வளவு கொடுக்கலாம் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து நல்லெண்ணெய் ஊற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நாக்கைப் பிடித்தால் மாட்டால் ஒழுங்காக விழுங்க முடியாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுக்கோளாறில் தப்பித்து எண்ணெயில் போன மாடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரிப் போடும் வாய்க்கு இன்னொரு விலையும் உண்டு. வெள்ளாட்டின் உதடும் நுனிநாக்கும் முள்ளுக்கு நடுவே இலையை மட்டும் பொறுக்கும். சுவரொட்டியைத் தின்றாலும் ஆணியை விட்டுவிடும். மாட்டுக்கு அந்த நுணுக்கம் இல்லை. புல்லோடு கட்டுக்கம்பி, ஊக்கு, பாலித்தீன் பை எல்லாம் சேர்ந்தே போகும். கனமானவை இரண்டாவது வயிற்றில் தங்கும். போட்டி வாங்கிச் சமைப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும்: தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் துண்டு. அந்த அறைகளில் கம்பி வசமாகச் சிக்கும். அதற்கு முன்னால் வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் மெல்லிய தசைத்திரையான உதரவிதானம், அதற்கப்பால் சில அங்குலத்தில் இருதயம். வயிறு சுருங்கும் ஒவ்வொரு தடவையும் கம்பி கொஞ்சம் முன்னே நகரும். நிறைசினையில் கருப்பை நெருக்கும்போதும், கன்று ஈன முக்கும்போதும் இன்னும் வேகமாக. கம்பி குத்தியதற்கு அடையாளங்கள்: முழங்கையை அகட்டி நிற்பது, சரிவில் இறங்கத் தயங்குவது, முனகுவது, கடைசியில் முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சில் நீர் கோத்துக்கொள்வது. நீர் கோத்தபிறகு நான் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை.

முன்கூட்டிச் செய்ய வழி உண்டு. விரல் அளவு வழவழப்பான காந்தம் ஒன்றை மாட்டுக்கு விழுங்க வைப்போம். அது தேன்கூட்டு வயிற்றில் ஆயுசுக்கும் கிடந்து, வரும் இரும்பைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அப்படி எதுவும் கிடையாது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் தடை வந்தபிறகும் வயிற்றைக் கிழிக்கும்போது முதலில் கைக்கு வருவது பைதான். காய்கறித் தோலைப் பையில் முடிந்து எறிந்தால் மாடு முடிச்சை அவிழ்த்தா தின்னும்?

பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள் என்றால் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தீனித்தொட்டியிலும் கட்டுத்தறியைச் சுற்றியும் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நான் சொன்னதைக் கேட்டு அப்படிச் செய்த ஒருவர், முதல் வாரக் கணக்கைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். பதினோரு துண்டு கட்டுக்கம்பி, இரண்டு ஆணி, துருப்பிடித்த ஒரு ஊக்கு.