கவனிக்க மாட்டேங்கிறான்னா ஏடிஹெச்டி தானா?

எங்க அக்கா பையன் ஏழாவது படிக்கிறப்போ அவங்க மிஸ் டைரில மூணு தடவ எழுதி அனுப்பிட்டாங்க, கிளாஸ்ல கவனிக்கவே மாட்டேங்கிறான்னு. வீட்ல ஆளாளுக்கு மொபைல்ல தேடிப் பாத்து ஏடிஹெச்டின்னு, அதாவது கவனக்குறைவு, அதீத துறுதுறுப்புக் கோளாறுன்னு முடிவே பண்ணிட்டாங்க. எனக்கு அவன் கணக்கு நோட்ட பாத்ததும்தான் இது பதட்டமா இருக்குமோன்னு இடிச்சுது, ஒரே கணக்க அழிச்சு அழிச்சு எழுதி பேப்பர்ல ஓட்டையே விழுந்திருந்துச்சு.

மூளைக்குள்ள ஒரு குட்டி சிலேட்டு இருக்குன்னு வச்சுக்கோங்க, மிஸ் இப்ப சொன்னது, கழித்தல்ல கடன் வாங்குன நம்பர், எல்லாம் கொஞ்ச நேரம் அதுலதான் நிக்கும், வொர்க்கிங் மெமரிம்பாங்க. பதட்டம் இருக்குற பிள்ளைக்கு அந்த சிலேட்டுல பாதிய "தப்பாயிடுமோ"ங்கிற கவலையே எழுதி ரொப்பிடும், மிச்ச இடத்துலதான் பாடம். ஏடிஹெச்டில கதை வேற. கவனத்த ஒரு இடத்துல புடிச்சு நிறுத்துற முன்மூளைப் பகுதிக்கு டோபமைன், நார்அட்ரினலின்ங்கிற மூளை ரசாயனங்களோட சிக்னல் சரியா செட் ஆகுறதில்ல, அதனால சப்புன்னு இருக்குற வேலைல மனசு நிக்காது, கூட்டல்குறிய கழித்தல்னு படிச்சுட்டு அடுத்த கணக்குக்கு தாவிடுவான். கேம்னா மட்டும் மூணு மணி நேரம் உக்காருறானேம்பாங்க, அத வச்சு ஏடிஹெச்டி இல்லைன்னு சொல்ல முடியாது, கேம்ல நொடிக்கு நொடி ஏதோ ஒண்ணு கிடைச்சுட்டே இருக்கு இல்லையா.

வெளிய பாக்க ரெண்டும் ஒண்ணுதான், கால் ஆட்டுறது, மறக்குறது, வேலைய பாதில விடுறது. மனநல டாக்டர்கள் நோய கண்டுபிடிக்க பாக்குற டிஎஸ்எம்-5ங்கிற புக்குல (2013ல வந்தது) பதட்ட நோய் அறிகுறிலயே கவனம் நிக்காதது ஒண்ணா இருக்கு, அப்புறம் டைரில எழுதுன ஒரு வரிய வச்சு என்னத்த பிரிக்கிறது! அதே புக்குல ஏடிஹெச்டிக்கு கண்டிஷன் உண்டு: சில அறிகுறியாவது 12 வயசுக்குள்ள தெரிஞ்சிருக்கணும், வீடு, ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது இருக்கணும், ஆறு மாசமாவது தொடரணும். திடீர்னு 13 வயசுல, அதுவும் பரீட்சை ஹால்ல மட்டும்னா முதல்ல கவலையத்தான் தேடணும். ஆனா சத்தம் போடாம ஜன்னல பாத்துட்டு கனவுல இருக்குற பொண்ணுங்களுக்கு ஏடிஹெச்டி இருந்தாலும் சின்ன வயசுல அத யாருமே கவனிச்சிருக்க மாட்டாங்க, அதையும் மறந்துடக்கூடாது. தூக்கம், கண்ணு, காது, தைராய்டு இதெல்லாம் பாக்காம எந்த முடிவுக்கும் வராதீங்க.

ரெண்டும் சேர்ந்தே வர்றதும் சகஜம், ஏடிஹெச்டி பிள்ளைங்கள்ல சுமாரா நாலுல ஒருத்தருக்கு பதட்டமும் இருக்கும், தினம் திட்டு வாங்குனா யாருக்குத்தான் வராது. பிரிச்சுப் பாக்குறது ஏன் முக்கியம்னா வைத்தியம் வேற வேற, பதட்டத்துக்கு சிபிடிங்கிற பேச்சு சிகிச்சை, ஏடிஹெச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மருந்து, அது சில பிள்ளைங்களுக்கு படபடப்ப கூட்டவும் செய்யும்.

டாக்டர் பழைய ரிப்போர்ட் கார்டு எல்லாம் கேட்டாரு, அக்கா பீரோவ கொடஞ்சு எடுத்துட்டுப் போனா, ஆறாவது வரைக்கும் ஒரு புகார் கிடையாது. "கிளாஸ்ல அப்ப என்னப்பா நெனச்சுட்டு இருப்ப"ன்னு அவன்கிட்டயே கேட்டாரு. எங்க யாருக்கும் இது கேக்கத் தோணல பாருங்க. ரொம்ப நேரம் கழிச்சு சொன்னான், "தப்பா போட்டா எல்லார் முன்னாடியும் மார்க்க சத்தமா வாசிப்பாங்க."