1,500 ரூபாய் டெக்கு எதையெல்லாம் படிக்கும்?

2009-இல் சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்த வாரம், மன்னார்குடிக் கடைத்தெருவில் பெயர் தெரியாத டிவிடி பிளேயர் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் டெக்கு. வீடியோ கேசட் காலத்துப் பெயர், தட்டு வந்த பிறகும் மாறவில்லை. பெரியப்பா வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் தாங்குனா பெருசுடா தம்பி" என்றார். அவர் வீட்டில் இருந்தது பேர் போன கம்பெனியின் பெட்டி, விலை மூன்று மடங்கு.

இரண்டே மாதத்தில் அவர் பெண்ணின் கல்யாண டிவிடி வந்தது. அவர் டெக்கில் போட்டால் 'நோ டிஸ்க்'. என் டெக்கில் மாலை மாற்றியதிலிருந்து பந்தி வரைக்கும் சுத்தமாக ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமை அடுத்த வாரமே போனது. சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் பென்டிரைவில் கொண்டுவந்த படத்தை என் டெக்கில் போட்டால், நாயகன் முகம் மெழுகு மாதிரி உருகி வழிந்தது.

இரண்டுக்கும் நாங்கள் சொன்ன சொல் ஒன்றுதான்: "ஓடலை." கடைமடைக்காரன் "தண்ணி வரலை" என்று சொல்வது மாதிரி. மேட்டூரே திறக்கவில்லையா, கல்லணையில் வெண்ணாற்றுக்கு முறை வரவில்லையா, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணியாற்று ஷட்டர் இறங்கியிருக்கிறதா, இல்லை நம் வாய்க்காலையே ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதா? எந்த இடம் என்று தெரியாமல் மண்வெட்டியைத் தூக்கிப் பயனில்லை. தட்டில் இருக்கும் படம் திரைக்கு வருவதற்குள்ளும் இப்படிப் பல மதகுகள் இருக்கின்றன.

முதல் மதகு வெளிச்சம். தட்டை உள்ளே தள்ளியதும் சில நொடி டெக்கு எதையோ யோசிப்பது போல நிற்கும் அல்லவா? அப்போது லென்ஸ் மேலும் கீழும் நகர்ந்து, லேசர் எந்த ஆழத்தில் பட்டுத் திரும்புகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறது. சிடியும் டிவிடியும் 12 செ.மீ. அகலம், 1.2 மி.மீ. கனம், கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சிடியில் தகவல் அடுக்கு மேல்பக்கத்தை ஒட்டி, படம் அச்சடித்த மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. (அதனால் சிடியின் மினுமினுப்புப் பக்கத்தைவிடப் படம் போட்ட பக்கத்தைக் கீறுவதுதான் ஆபத்து.) டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டிச் செய்தது. அதன் அடுக்கு நடுவயிற்றில் இருக்கிறது.

நெருக்கமும் வேறு. சிடியில் தடத்துக்குத் தடம் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி, டிவிடியில் 0.74. தடத்தில் இருக்கும் மிகச் சிறிய பள்ளத்தின் நீளம் சிடியில் 0.83, டிவிடியில் 0.4. நடவில் வரிசை இடைவெளியையும் குத்து இடைவெளியையும் பாதியாக்கினால் அதே வயலில் நாலு மடங்கு குத்து பிடிக்குமே, அந்தக் கணக்குத்தான். இங்கே நாலரை மடங்கு வருகிறது. மீதியைத் தகவலை எழுதும் முறையிலும் பிழை திருத்தும் முறையிலும் சிக்கனம் பிடித்து, 650 எம்பி சிடியிலிருந்து 4.7 ஜிபி டிவிடிக்கு வந்தார்கள்.

இவ்வளவு நெருக்கத்தைப் படிக்க ஒளிப்புள்ளியும் சிறுக்க வேண்டும். அதற்காகத்தான் சிடியின் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை விட்டு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசரை எடுத்தார்கள். சரி, சிறிய புள்ளியால் பெரிய பள்ளத்தையும் படிக்கலாமே, எதற்கு இரண்டு லேசர்? கம்பெனியில் அச்சடித்த சிடியானால் படித்துவிடலாம். கம்ப்யூட்டரில் எழுதும் சிடி-ஆர் தான் சிக்கல். அதில் இருக்கும் சாயம் 780-ஐ நன்றாகத் திருப்பி அனுப்பும், 650-ஐ விழுங்கிவிடும். சிவப்பு லேசருக்கு அந்தத் தட்டு ஏறக்குறைய இருட்டு. ஆகவே டெக்கின் தலையில் இரண்டு லேசரும் குடியிருக்கின்றன. இது தெரிந்தால் ஒரு வைத்தியமும் தெரியும்: சிடி வகையைச் சேர்ந்த விசிடி (வீடியோ சிடி), எம்பி3 தட்டு எல்லாம் ஓடி, டிவிடி மட்டும் எதுவுமே ஓடவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சிவப்பு லேசரைத்தான்.

அப்புறம் பெரியப்பாவின் கல்யாண டிவிடி. வீட்டில் எழுதும் தட்டில் இரண்டு சாதி உண்டு. 1997-இல் டிவிடி-ஆர் வந்தது, 2002-இல் வேறொரு கம்பெனிக் கூட்டணி டிவிடி+ஆர் கொண்டுவந்தது. நடுவில் இருப்பது கோடா, கூட்டல் குறியா என்பதுதான் பெயரில் வித்தியாசம். தட்டின் தொடக்கப் பகுதியில் 'நான் இன்ன வகை' என்று ஒரு குறி எழுதியிருக்கும். பழைய டெக்குகளில் சில அந்தக் குறியைத் தங்கள் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாததை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பெரியப்பாவின் தட்டு கூட்டல் சாதி. என் டெக்கு குலம் கோத்திரம் விசாரிக்கவில்லை, வெளிச்சம் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்த்தது. கூட்டல் தட்டை எழுதும்போதே 'நான் கம்பெனித் தட்டு' என்று குறியை மாற்றிப் பதியவும் பல ரைட்டர்களில் வழி உண்டு. வீடியோ எடுத்த தம்பியிடம் கேட்டு அப்படி ஒரு பிரதி போட்டு வாங்கினோம், பெரியப்பா டெக்கும் சாதுவாக ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று, கல்யாணத் தட்டின் மேல் பெண் மாப்பிள்ளை படத்தை ஸ்டிக்கராக ஒட்டித் தருவார்கள். பார்க்க அழகு. ஆனால் ஐப்பசி ஈரத்தில் ஒரு ஓரம் உப்பினால், வேகமாகச் சுழலும் தட்டு தள்ளாட ஆரம்பிக்கும். லேசரால் தடத்தைப் பிடிக்க முடியாது. ஸ்டிக்கர் வேண்டாம், வேகத்தைக் குறைத்து எழுதுங்கள், எழுதி முடித்ததும் 'ஃபைனலைஸ்' பண்ணுங்கள் (அதாவது தட்டை முடித்து மூடுங்கள்). இந்த மூன்றையும் சொல்லி வாங்கினால் 'நோ டிஸ்க்' பாதி குறையும்.

விசிடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதைப் படிக்காத டெக்கை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்ததும், வீட்டுக்கு வந்த அந்த 14 அங்குலப் பெட்டிக்கு ஜோடியாகத்தான் தெருவுக்குத் தெரு டெக்கு வாங்கினார்கள். விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிதான். அந்தத் திரைக்கு அது போதும். ஒரு தட்டில் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். மூன்று மணி நேரப் படம் என்றால் மூன்று தட்டு, நடுவில் இரண்டு முறை எழுந்து மாற்ற வேண்டும்.

இனி மச்சானின் பென்டிரைவ். இங்கே லேசருக்கு வேலையே இல்லை, மதகு வேறு. பென்டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறை ஃபேட்32 ஆக இருந்தால்தான் மலிவு டெக்குகளுக்குக் கண் தெரியும். என்டிஎஃப்எஸ் என்றால் காலிப் பெட்டி என்று சொல்லிவிடும். அதைத் தாண்டினால் கோப்பு. ஏவிஐ என்பது வெறும் சாக்கு மாதிரி. சாக்கின் மேல் ஏவிஐ என்று எழுதியிருப்பதால் உள்ளே இருப்பது பொன்னியா, குறுவை ரகமா என்று தெரியாது. உள்ளே டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்று எந்தச் சுருக்க முறையும் இருக்கலாம். எந்த முறை என்பதை நாலு எழுத்துச் சீட்டு ஒன்று சொல்லும். சில டெக்குகள் சீட்டை மட்டும் பார்த்து மறுத்துவிடும். சீட்டை மாற்றி எழுதினால் அதே படம் ஓடும்!

முகம் உருகியது ஏன் என்று புரிய, சுருக்கம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் வீதியில் நகர்வதைப் படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 படம். ஒவ்வொன்றையும் முழுதாகச் சேமித்தால் டிவிடியே ஐந்து நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். தேர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அப்படியென்ன மாறிவிட்டது? அதே 96 அடி உயரம், அதே அலங்காரத் துணி, கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரு படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தவற்றுக்குப் 'போன படத்தில் இருந்த இந்தக் கட்டத்தை எடுத்து இரண்டரைப் புள்ளி வலப்பக்கம் தள்ளி வை' என்று குறிப்பு மட்டும் எழுதுகிறார்கள். மிச்சம் மீதி வித்தியாசத்தை மட்டும் தனியாகச் சேர்க்கிறார்கள்.

அந்த 'இரண்டரை'யில்தான் விஷயம். விசிடியும் டிவிடியும் அரைப் புள்ளி வரைக்கும் கணக்குச் சொல்லும். டிவ்எக்ஸ், எக்ஸ்விட் சேர்ந்த எம்பெக்-4 குடும்பத்தில் கால் புள்ளி வரை சொல்ல ஒரு வசதி இருக்கிறது. கேமராவே நகர்ந்தால் மொத்தத் திரையும் எப்படி நகர்ந்தது என்று ஒரே குறிப்பில் எழுத இன்னொரு வசதியும் உண்டு. கம்ப்யூட்டர் இதையெல்லாம் போகிற போக்கில் போட்டுவிடும். மலிவு டெக்கின் சில்லில் (சிப்பில்) அந்தக் கணக்குக்கு இடம் ஒதுக்காமல் விட்டிருந்தால், முக்கால் புள்ளி தள்ள வேண்டிய கட்டம் தவறான இடத்தில் விழும். அந்தத் தவறான படத்தின் மேல் அடுத்த படம், அதன் மேல் அடுத்தது. நாயகன் முகம் வழியும். சில நொடி கழித்து அடுத்த முழுப் படம் வந்ததும் பளிச்சென்று சரியாகும், மறுபடி வழியும். மச்சானிடம், "அந்த ரெண்டு வசதியையும் அணைச்சுட்டு மாத்திக் குடுங்க மச்சான், அகலம் 720 புள்ளிக்கு மேல வேணாம்" என்றேன். ஓடியது.

இவ்வளவு குறை இருந்தும் மலிவுப் பெட்டி ஏன் பல நேரம் விலை கூடியதைவிட அதிகம் படிக்கிறது? தைவானின் மீடியாடெக் போன்ற கம்பெனிகள் லேசரை நடத்துவது முதல் படத்தை விரிப்பது வரை எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கி, எப்படிப் பெட்டி செய்வது என்ற மாதிரி வரைபடத்தோடு விற்றன. சிறு கம்பெனிக்காரர் அதை வாங்கி, எல்லா வசதியும் திறந்தபடியே தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். பெரிய கம்பெனி ஒவ்வொரு முறைக்கும் உரிமக் கட்டணம் பார்க்க வேண்டும், பட நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தத்தையும் மதிக்க வேண்டும். ஆகவே சிலவற்றை மூடி வைத்தது.

மண்டலப் பூட்டு அப்படி மூடியதில் ஒன்று. டிவிடி உலகில் இந்தியா 5-ஆம் மண்டலம், சிங்கப்பூரும் மலேசியாவும் 3, துபாய், சவுதிப் பக்கம் 2. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் நம் பகுதியில் இது பெரிய தலைவலி. தட்டின் எண்ணும் டெக்கின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் படம் வராது, தட்டில் ஒரு குறையும் இருக்காது. என் டெக்கு இதையும் கேட்கவில்லை. அது தர்மமா என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கிய தட்டை என் வீட்டில் பார்க்க நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கடைசி மதகு டிவி. நம் ஊர் டிவி பால் (PAL) முறை, 576 கோடு. அமெரிக்க என்டிஎஸ்சி முறைத் தட்டு 480 கோடு. பழைய டிவியில் அது கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது உருளும். ரிமோட்டில் 'என்/பி' என்றிருக்கும் பொத்தானை அழுத்தினால் டெக்கே மாற்றித் தரும். படம் இருந்து சத்தம் மட்டும் இல்லையா? ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கும். டால்பி ஒலி டெக்குக்குக் கட்டாயம், டிடிஎஸ் கட்டாயமில்லை. ஆடியோ பொத்தானில் வேறு தடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

பெரியப்பாவின் ஆறு மாதக் கெடுவைத் தாண்டி என் டெக்கு பல வருஷம் ஓடியது. ஒருநாள் சிவப்பு லேசர் போய்விட்டது. அகச்சிவப்பு இன்னும் உயிரோடு இருப்பதால், காலையில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி எம்பி3 சிடியில் ஒலிக்கிறது. கல்யாண டிவிடியைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டோம். டிவிடியில் படத்தைத் தாங்கும் விஓபி கோப்பு ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள்தான், 4 ஜிபிக்கு மேல் கோப்பை ஏற்காத ஃபேட்32-க்குத் தொந்தரவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் திக்கும். இந்த டெக்கின் யுஎஸ்பி பழைய, நொடிக்கு 12 மெகாபிட் வகை, நடைமுறையில் அவ்வளவும் கிடைக்காது. தட்டிலிருந்த வீடியோவோ கனமான இடங்களில் 9 மெகாபிட்டைத் தாண்டும். கெட்டிமேளம் கொட்டி, நாலாபக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில். போன படத்திலிருந்து எந்தக் கட்டத்தையும் எடுத்துத் தள்ளி வைக்க முடியாது, எல்லாவற்றையும் புதிதாக எழுதியாக வேண்டும். சரியாகத் தாலி ஏறும் நேரத்தில் படம் நின்று நின்று போகிறது. "என்னடா, மாப்பிள்ளை யோசிக்கிறாரா?" என்கிறார் பெரியப்பா.