40 மில்லிகிராம் மெக்னீசியத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஹைட்ரஜன்?

வாயுக் கணக்கு என்றதும் பலர் 22.4-ஆல் பெருக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு மோல் (அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு) வாயு 22.4 லிட்டர் இடத்தை அடைப்பது 0 டிகிரி செல்சியஸில், 760 மி.மீ. பாதரச அழுத்தத்தில் மட்டும்தான். ஆய்வகத்தில் 0 டிகிரிக்கு எங்கே போவது?

0.040 கிராம் மெக்னீசியம் நாடாவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைப்பதாகக் கொள்வோம். ஒரு மோல் மெக்னீசியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் வரும். 0.040-ஐ மெக்னீசியத்தின் அணு எடையான 24.3-ஆல் வகுத்தால் 0.001646 மோல். 22,400-ஆல் பெருக்கினால் 36.9 மி.லி. ஆனால் நீரில் கவிழ்த்து வைத்த அளவுக் குழாயில் சேர்வதோ 43 மி.லி.க்குச் சற்றே குறைவு.

அறை வெப்பநிலை 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். 36.9-ஐ 303/273-ஆல் பெருக்க, 40.9 ஆகிறது. மீதி எங்கிருந்து? வாயுவை நீருக்கு மேல் சேகரிப்பதால் நீராவியும் அதனுடன் கலந்திருக்கிறது. 30 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 32 மி.மீ. ஆகவே ஹைட்ரஜனின் பங்கு 760 அல்ல, 728 மி.மீ. 40.9-ஐ 760/728-ஆல் பெருக்கினால் 42.7 மி.லி. சோதனையில் அதிகம் விட்டுப்போவது இந்தத் திருத்தம்தான்.

கணக்கு சரியாக இருந்தும் அளவு குறைந்தால் நாடாவைப் பாருங்கள். அதன் மேல் படிந்த சாம்பல் நிற ஆக்சைடு அமிலத்தில் கரைந்து நீரைத் தருமே தவிர, வாயுவைத் தராது; எடையில் மட்டும் சேர்ந்துகொள்ளும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே எடை போடுங்கள். 2 மோலார் (லிட்டருக்கு 2 மோல்) அமிலம் 1.7 மி.லி. போதும் என்றாலும் 5 மி.லி. ஊற்றுவது நல்லது. நாடா மிதந்து குழாயின் மேலே ஒட்டிக்கொள்ளாதிருக்கச் செம்புக் கம்பியில் சுற்றிவிடலாம். செம்பு இந்த அமிலத்தோடு வினைபுரியாது. வினையில் வெப்பம் வெளிப்படும்; உடனே அளந்தால் பருமன் கூடுதலாகத் தெரியும். குழாய் ஆறியதும் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைச் சமன் செய்துவிட்டு அளவெடுங்கள். 13.6 செ.மீ. மட்ட வேறுபாடு 10 மி.மீ. பாதரசத்துக்குச் சமம், அதாவது ஒரு சதவீதத்துக்கு மேல் பிழை.

இதே முறையில் கார்பன் டை ஆக்சைடை அளக்க வேண்டாம். அறை வெப்பநிலையில் நீர் ஏறக்குறைய தன் பருமன் அளவுக்கு அந்த வாயுவைக் கரைத்துக்கொள்ளும். அதற்கு வாயு ஊசிக்குழல் ஏற்றது.

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 580 மி.மீ.தான். 15 டிகிரி குளிரிலும் அதே நாடா 52 மி.லி. தரும். அங்கே 50 மி.லி. குழாயை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைத் தொடங்கக் கூடாது.