ஊற்றுப் பேனா: ஊற்றுவதா, ஊறுவதா?

புதுச்சேரி நேரு வீதியில் எழுதுபொருள் கடைக்குப் போய் 'பவுண்டன் பேனா' என்று கேட்டால், 'இங்க் பேனாதானே?' என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் எடுத்துத் தருவார்கள். பிள்ளைகள் வாயில் அது இங்க் பேனா. தமிழாசிரியர் மைப்பேனா என்பார். அச்சில் பெரும்பாலும் ஊற்றுப் பேனா. தனித்தமிழ் எழுதுவோருக்கு ஊற்றுத்தூவல். இவற்றில் அந்தப் பேனாவின் வேலையைச் சரியாகச் சொல்லும் பெயர் ஊற்றுப் பேனாதான் என்பது என் எண்ணம்.

முதலில் 'பேனா'. சன்னல், சாவி, மேசை, அலமாரி போல இதுவும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் 'பெனா' என்றால் பறவை இறகு. இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தில் இறகின் பெயரே எழுதும் கருவிக்கும் ஆயிற்று. கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டைக்கு 'போர்ட்டோ நோவோ' என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. அந்தச் சொல் நம் கரைக்கு வந்து இறங்கியதில் வியப்பில்லை. ஈழத்தமிழர் பேனை என்கிறார்கள்.

தனித்தமிழார் எடுத்துக்கொண்ட 'தூவல்' என்பதும் இறகுதான். போர்த்துகீசியச் சொல் போன அதே வழியில் தமிழுக்குள்ளேயே போய் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார்கள். நல்ல ஆக்கம். ஆனால் 'எழுதுகோல்' இன்னும் பழையது. 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்று தொடங்குகிறது 1285ஆம் குறள். அங்கே எழுதுவது கண்ணுக்கு மை. கோல் என்பது அஞ்சனம் தீட்டும் குச்சி. எழுது, கோல், மை மூன்றும் காகிதத்துக்கு வெகு காலம் முன்பே கண்ணிமையில் ஒன்றாக இருந்தவை. பனையோலையில் கீறும் எழுத்தாணிக்கு மையோடு ஒட்டில்லை, கீறிய பிறகு தடவுவதோடு சரி. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் பேனாவை 'ஸ்டிலோ' என்பார்கள். அது லத்தீனில் மெழுகுப் பலகையில் கீறிய எழுத்தாணியின் பெயரிலிருந்து வந்தது. அதே பிரெஞ்சில் நிப்புக்கு 'ப்ளூம்', அதாவது இறகு. ஆணியும் இறகும் ஒரே பேனாவில்.

இனி 'ஊற்று'. ஆங்கில 'பவுண்டன்' நீரூற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1709இல் பிரெஞ்சு அரசரின் கருவி வினைஞர் நிக்கொலா பியோன் மை உள்ளேயே இருக்கும் பேனா ஒன்றை விவரித்து, 'முடிவிலா இறகு' என்று பெயர் தந்தார். பாரிஸில் படித்துக்கொண்டிருந்த பெட்ராக்கே பொயெனாரு என்ற ருமேனிய மாணவர், தனக்குத் தானே மை ஊட்டிக்கொள்ளும் கையடக்க முடிவிலா இறகுக்கு 1827 மே 25 அன்று காப்புரிமை பெற்றார். அந்த முயற்சியின் பின்னால் இருந்தவரும் ஒரு மாணவர்தான் என்பது எனக்கு மகிழ்ச்சியான செய்தி.

தமிழில் ஊறு என்பது தானாக நிகழ்வது. ஊற்று என்று வினையாக வந்தால் நாம் செய்வது. ஊற்று என்பதே பெயராகவும் நிற்கும். கோடையில் தென்பெண்ணை மணலைக் கையால் பறித்தால் அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து, ஓர் அளவுக்கு ஏறி நிற்கும். மொண்டால் மறுபடி ஏறும். அதுதான் ஊற்று. நிப்பின் பிளவில் நடப்பதும் அதுவே. மெல்லிய பிளவு மையைத் தன்பால் இழுத்து நிறுத்திக்கொள்கிறது. காகிதம் உறிஞ்சிய அளவுக்கு மட்டும் அடுத்தது வருகிறது. பேனா பொழிவதில்லை, ஊறுகிறது.

ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கண்டதெல்லாம் ஊற்றுதலைத்தான். கழுத்தைத் திருகிக் கழற்றி, பிரில் அல்லது கேமல் புட்டியிலிருந்து சொட்டு சொட்டாக உடலுக்குள் மை ஊற்றுவார்கள். சிந்தினால் சாக்பீஸை உருட்டி உறிஞ்ச வைப்பார்கள். அடைத்துக்கொண்டால் நிப்பின் பிளவில் பழைய பிளேடை விட்டு இழுப்பார்கள். மரையில் மெழுகு தடவி மூடினாலும் பகல் பதினொரு மணிக்குப் பேனா கக்கிவிடும். நடுவிரல் நீலமாகும், சட்டைப் பையும் நீலமாகும். மை அதிகம் ஊற்றியதால்தான் கக்குகிறது என்று பிள்ளைகள் அடுத்த நாள் பாதியே ஊற்றுவார்கள். அதுதான் தவறு. மை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது. கைச்சூட்டிலும் கடலூர் வெயிலிலும் அந்தக் காற்று விரிந்து மிச்ச மையை வெளியே தள்ளுகிறது. முழுக்க நிரப்பிய பேனாவில் காற்று குறைவு, கசிவும் குறைவு. தீரப்போகும் பேனாதான் கக்கும். இதை வகுப்பில் ஒரே ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ வெள்ளைச் சட்டைகள் பிழைக்கும்.

இந்தத் தொல்லைக்கு வழி கண்டதுதான் ஊற்றுப் பேனா வடிவமைப்பின் வரலாறு. மை இறங்க வேண்டுமானால் அந்த அளவுக்குக் காற்று உள்ளே ஏற வேண்டும். நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்ற பேனாவில், நிப்புக்கு அடியில் இருக்கும் துண்டில் நுண்ணிய பள்ளங்கள் வெட்டி, இறங்கும் மையையும் ஏறும் காற்றையும் ஒத்துப்போக வைத்தார். பின்னால் அதே துண்டில் சீப்புப் பல்போல் வரிசையாகக் கீறல்கள் வந்தன. காற்று விரிந்து தள்ளும் மை தாளில் விழாமல் அந்தக் கீறல்களில் தங்கிக்கொள்ளும். பள்ளிப் பேனாக்களைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் அந்தப் பற்கள் தெரியும்.

ஊற்றும் வேலையையே பிள்ளைகள் கையிலிருந்து எடுத்தது கார்ட்ரிட்ஜ். வாட்டர்மனின் பிரெஞ்சுக் கிளை 1930களில் கண்ணாடிக் குப்பியில் மை அடைத்து விற்றது. 1950களில் அது பிளாஸ்டிக் ஆனது. ஜெர்மனியின் ஹனோவர் நகர பெலிக்கான் நிறுவனம், ஆசிரியர்களைக் கலந்துகொண்டு 1960இல் 'பெலிக்கானோ' என்ற பள்ளிப் பேனாவைக் கொண்டுவந்தது. 1980இல் ஹைடல்பர்க்கின் லாமி நிறுவனம் வெளியிட்ட 'சஃபாரி' பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளை எண்ணிச் செய்தது. வொல்ஃப்காங் ஃபாபியான் வடிவமைத்த அந்தப் பேனாவின் பிடி முக்கோணம். விரல்கள் உட்கார வேண்டிய இடத்தில் தாமாகவே உட்காரும். மை எவ்வளவு மிச்சம் என்று பார்க்க உடலில் ஒரு சின்னச் சன்னல். எழுதப் பழகும் சிறுவருக்கு லாமியிடமிருந்தே 1987இல் 'ஏபிசி' என்று மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பேனா வந்தது. மூடியின் உச்சியில் ஓட்டை இருப்பதும் பிள்ளைகளுக்காகத்தான். விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போய்வரட்டும் என்று, பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் பேனா மூடிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 11540 என்ற தரவிதி இருக்கிறது.

பிரான்சில் பந்துமுனைப் பேனாவுக்குப் பள்ளிகளில் அனுமதி 1965இல்தான் வந்தது. அதுவரை மேசைக் குழியில் மைக்கிண்ணம், ஊதா மை, தோய்த்தெழுதும் நிப்பு. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1954இல். அதாவது இங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்த காலமெல்லாம் அந்த நாட்டின் பள்ளிகளில் மை தோய்த்தே எழுதினார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். கார்ட்ரிட்ஜ் போடும் பேனாவில் யாரும் எதையும் ஊற்றுவதில்லை. அதை ஊற்றுப் பேனா என்பது பொருந்துமா? பொருந்தும். அந்தப் பெயரில் இருப்பது ஊற்றும் செயல் அல்ல, ஊறும் ஊற்று. மைப்பேனா என்பது எளிது, இனிது. ஆனால் பந்துமுனைப் பேனாவிலும் மைதானே இருக்கிறது. தூவல் பழகியவர்கள் ஊற்றுத்தூவல் என்று தாராளமாக எழுதலாம். நிப்புக்குப் பேனா முள் என்ற பெயர் முன்பே வழக்கில் உண்டு, அதை விட்டுவிட வேண்டாம். கார்ட்ரிட்ஜுக்கு மைக்குப்பி போதும்.

எழுதும்போது ஒற்றைக் கவனிக்க வேண்டும். எழுதுகோல் வினைத்தொகை, ஆகவே அங்கே 'க்' வராது. 'ஊற்று பேனா' என்று ஒற்றில்லாமல் எழுதினால் அதுவும் வினைத்தொகையாகி, மை ஊற்றும் பேனா என்ற பொருளே நிற்கும். ஊற்று என்பதைப் பெயராகக் கொண்டால் வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். எனவே ஊற்றுப் பேனா என்று 'ப்' போட்டே எழுத வேண்டும்.