மட்டைக்கும் பந்துக்கும் நடுவே

1982 ஜூன் 20. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். 17ஆவது குழியில் டாம் வாட்சன் அடித்த பந்து, ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு வெளியே அடர்ந்த புல்லில் போய் விழுந்தது. வாட்சனுக்குச் சமமான நிலையில் ஆட்டத்தை முடித்துவிட்ட ஜாக் நிக்கலஸ் காத்திருந்தார். குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்றார் வாட்சனின் பையைச் சுமந்த உதவியாளர். உள்ளேயே போடப்போகிறேன் என்றார் வாட்சன். போட்டும் காட்டினார். பட்டமும் அவருக்கே.

அது எவ்வளவு கடினம் என்பது புல் செய்யும் வேலையைப் பார்த்தால்தான் புரியும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொள்வது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் மட்டை முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, பந்தைப் பற்றிப் பின்னோக்கிச் சுழற்றிவிட வேண்டும். தரையில் விழுந்த பந்தைச் சட்டென்று நிறுத்துவது அந்தச் சுழற்சிதான். அடர்ந்த புல்லிலோ இரண்டுக்கும் நடுவே இலைகள் சிக்கி நசுங்குகின்றன. அவற்றின் சாறு எண்ணெய் பூசியதுபோல வழுக்குகிறது. முகத்தில் உள்ள பள்ளக் கோடுகள், டயரின் கோடுகள் மழைநீரை விலக்குவதுபோல இந்த ஈரத்தை ஓரளவு விலக்கும். கூர்மையான கோடுகளால் இந்த இடையூறே இல்லாமல் போகிறது என்று கருதித்தான், 2010இல் விதியை மாற்றி அவற்றின் விளிம்பை மழுக்கினார்கள். நல்ல முடிவு என்பேன். புல்லில் விழுந்ததற்கு ஒரு விலை இருக்கத்தானே வேண்டும்?

புல் மட்டையின் கழுத்தையும் சுற்றிப் பிடிக்கிறது. கழுத்து பின்தங்க, நுனி முந்திக்கொள்ள, வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் ஓடிவிடும். ஆகவே முகத்தை முன்கூட்டியே வானம் பார்க்கத் திருப்பி, செங்குத்தாக இறக்குகிறார்கள். சுழற்சி தராததை உயரம் தருகிறது: மேலிருந்து நேராக விழும் பந்து அதிகம் உருளாது.

ஆனால் என்னை மிகவும் வியக்கவைப்பது மணல்தான். மைதானத்தில் தடையாக அமைத்திருக்கும் மணற்குழியில் மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. பந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் நுழைகிறது. பந்தைத் தூக்கி வெளியே போடுவது மணல். பழைய மட்டைகளின் மெல்லிய விளிம்பு மண்வெட்டியின் வாய்போல ஆழத்தில் புதைந்துகொண்டது. விமானம் ஓட்டக் கற்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன், வால்பகுதி அசைவதையும் விமானம் மேலெழுவதையும் கவனித்தார். மட்டையின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி, பின்புறம் தாழ்ந்து தடித்திருக்கும்படி செய்தார். குளத்தில் தட்டையாக வீசிய ஓட்டாஞ்சில்லு மூழ்காமல் தத்திப் போகுமே, அதுபோல மட்டை மணலில் வழுக்கிப் போனது. 1932இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது அது அவர் பையில் இருந்தது.

பந்து பாதி புதைந்துவிட்டால் கதை தலைகீழ். அப்போது மண்வெட்டிதான் வேண்டும். மட்டை முகத்தை உள்நோக்கித் திருப்பி விளிம்பை ஆழ இறக்கினால் பந்து தாழ்வாகக் கிளம்பிச் சுழற்சியின்றி நெடுந்தூரம் உருளும். ஈர மணலில் அந்தத் தடித்த அடியே எகிறி, மட்டை பந்தின் நடுவில் மோதிவிடலாம்.

எந்த மணல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடிக்கும் முன் கையாலோ மட்டையாலோ மணலைச் சோதிக்க விதி அனுமதிப்பதில்லை. ஆனால் நிலையாக நிற்பதற்குக் காலை ஊன்றலாம். மணற்குழியில் இறங்கியவர் இரு பாதங்களையும் திருகித் திருகி அழுத்துவதைக் கவனியுங்கள். மணல் எவ்வளவு ஆழம், எவ்வளவு ஈரம் என்பதை அவர் காலணியின் அடிப்பாகத்தால் படித்துக்கொண்டிருக்கிறார்.